ஹாரன் இருந்த இடத்தில் மணி

புளி வாசனை வந்தால் உங்களுக்கு ரசம் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் வத்தக்குழம்பு. எனக்குப் பம்பர் ஞாபகம் வரும். போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரி சரோஜா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படிக்கிற பாவனையில் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. "இன்னா, அந்த வண்டி நெனப்பா?" என்றாள், தலையைத் தூக்காமலே. மிக்சி ரிப்பேர்காரன் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். அவன் பெண்டாட்டி மூச்சை வைத்தே சொல்லிவிடுகிறாள்.

ஆமாம், நான் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர்காரன். பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர்கள் இருக்கும் தெரு ஒன்றில் வீடு, முக்கில் கடை. முப்பத்தைந்து வயதில் எனக்கு ஒரு பழைய கார் மேல் ஆசை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும். எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள், கம்பெனியே அதை மறந்துவிட்ட பிறகு நான் எதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்? இரண்டு வட்டக் கண், பாகற்காய்ப் பச்சை, அண்டா மூடி அகலத்துக்கு ஸ்டீயரிங். வலது பக்கக் கதவைத் திறக்க வேண்டுமானால் குழந்தையைத் தூக்குகிற மாதிரி கொஞ்சம் தூக்கி, அப்புறம் இழுக்க வேண்டும். பம்பர் முழுக்கத் துரு. அதைத்தான் ஞாயிறுதோறும் புளி போட்டுத் தேய்ப்பேன். மாதக் கடைசியில் சரோஜா அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்துப் புளிப்பானையைத் திறந்து பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

காரும் ஒரு பெரிய மிக்சிதானே என்பது அப்போதைய என் கொள்கை. உள்ளே ஒன்று சுற்றுகிறது, வெளியே ஒன்று கத்துகிறது, நடுவில் ஒரு பெல்ட். அந்தத் தைரியத்தில் வைப்பருக்கு மிக்சி ஸ்விட்ச் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று திருகிக்கொண்டே போகலாம். மூன்றில் வைத்தால் வைப்பர் கண்ணாடியை விட்டுவிட்டுக் காற்றைத் துடைக்கும். என் மாமனார் முதல்முறை ஏறினபோது அந்த ஸ்விட்சையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாப்ள, சட்னி கெட்டியா வருமா, தண்ணியா வருமா?" என்று கேட்டார். அவர் முசரவாக்கத்தில் விவசாயம் பார்த்தவர். வாய் திறப்பதே அபூர்வம், திறந்தால் நமக்கு இரண்டு நாள் தூக்கம் போகும்.

வண்டிக்கு வைத்தியம் பார்த்தவர் காதர் பாய். பானெட்டைத் திறந்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குப் பயமாகிவிட்டது. கடைசியில், "ஜி, இது வண்டி இல்ல, ஜமீன்தார். சொத்தெல்லாம் பூடுச்சு, மரியாதை மட்டும் கேக்குது" என்றார். மனிதர்கள் இப்படி ஏதாவது சொன்னால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். வேலை நடந்ததா இல்லையா என்று பார்க்கவே தோன்றாது. காதர் பாய் என்னிடம் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று சரோஜா சொல்லுவாள்.

ஜமீன்தாரின் முக்கியமான வியாதி இதுதான்: ஓடும்வரை ஓடுவார், நிறுத்தினால் இன்ஜின் அணைந்துபோகும். அணைந்தால் சாவிக்குக் கட்டுப்படமாட்டார், யாராவது தள்ளினால்தான் உயிர் வரும். சரிவில் நிறுத்தி வைத்தால் தானே உருண்டு கிளம்பிவிடலாம். ஆனால் எங்கள் ஊரோ தோசைக்கல் மாதிரி தட்டை. ஊரில் எந்த இடத்தில் அரையடி மேடு இருக்கிறது என்று முனிசிபாலிட்டிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மளிகை வாங்க நான் மூன்று தெரு தள்ளிப் போனது அந்தக் கடையில் பருப்பு நல்லா இருக்கும் என்பதால் இல்லை, கடை வாசல் சரிவு என்பதால்.

மற்றபடி காலையில் தெருதான் தள்ளியது. தறியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து வருவார்கள். எதிர்வீட்டு ஏகாம்பரம் அண்ணன்தான் அதில் முதல் ஆள். "நம்ம தெருவுல காலையில ரெண்டு சத்தம்பா. ஒண்ணு தறி, இன்னொண்ணு உன் வண்டி இருமல்" என்பார். ஒருநாள் சேலையில் மயில் நெய்துகொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து வந்து தள்ளிவிட்டுத் திரும்பிப் போனவருக்கு இழைக்கணக்கு தவறிவிட்டது. தலை வர வேண்டிய இடத்தில் மயிலுக்கு இன்னொரு வால். கத்தரித்து எடுத்த அந்த அரக்குப் பட்டுத் துண்டை, ஜரிகை பார்டரோடு, என் கையில் கொடுத்தார். "உன்னால பூட்ட மயிலு. நீயே வெச்சுக்கோ." பின்சீட்டுக்கு உறை தைத்துப் போட்டேன். அதற்கப்புறம் பின்னால் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற ஆரம்பித்தார்கள். பட்டைப் பார்த்தால் எங்கள் ஊர்க் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும்.

பட்டு உறை போட்டு இரண்டு மாதத்தில் ஹாரன் செத்துப்போனது. சாகிறதற்கு முன்னால் கொஞ்ச நாள் ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் முக்குப் பிள்ளையாருக்குப் புது மேள மெஷின் வந்தது. உங்களுக்கே தெரியும், ஸ்விட்சைப் போட்டால் தானே முரசும் மணியும் அடிக்குமே, அதுதான். பழைய மெஷினில் மணி மட்டும் ஓசை குறையாமல் இருந்தது. "ரிப்பேருக்கு ஆவும், எடுத்துக்கோ" என்று கோயில்காரர்கள் கொடுத்தார்கள். நான் அதைப் பானெட்டுக்குள் கட்டி, ஒரு பழைய வைப்பர் மோட்டாரில் சுத்தியலைப் பொருத்தி, ஹாரன் பட்டனில் இணைத்தேன். அமுக்கினால் டங், டங், டங் என்று அப்படி ஒரு நாதம். ஒரு கார் இவ்வளவு மங்களமாக வழி கேட்டு உலகத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்று பூரித்துப்போனேன். தெருவில் அதை அடித்துப் பார்க்கவில்லை. கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே அடித்துப் பார்த்ததோடு சரி. விஷயம் அங்கேதான் கெட்டது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் மச்சானுக்கு நிச்சயதார்த்தம். பெண் வேறு யாருமில்லை, எதிர்வீட்டு ஏகாம்பரம் அண்ணன் மகள். சரோஜா பேசி முடித்த சம்பந்தம். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். முசரவாக்கத்து ஜனங்கள் வேனில் முன்னாலேயே வந்துவிடுவார்கள். மாமனாருக்கு மட்டும் வேனில் ஏறினால் குமட்டும். அவர் இல்லாமல் தட்டு மாறாது. ஆக, அவரைக் கொண்டுவருகிற பொறுப்பு ஜமீன்தார் தலையில் விழுந்தது.

சரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெரு நடுவில் நின்று சொன்னாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "எங்கப்பாவ ஏத்திக்கினு வர்ற வழியில ஒரு தபா, ஒரே ஒரு தபா யாரானா வண்டிய தள்ளுனாங்கன்னு தெரிஞ்சுது, மறுநாளே காயலான் கடைதான். புளிக்குப் புடிச்ச சனி அன்னியோட உடும்."

சரோஜா சொன்னால் சொன்னதுதான். கிரைண்டர் ஒன்றை அப்படித்தான் எடைக்குப் போட்டாள், அதற்குச் சொந்தக்காரர் வந்து கேட்கும்வரை எனக்கே தெரியாது.

ஞாயிறு மதியம் மூன்றரைக்கு முசரவாக்கத்து ஏரிக்கரைச் சரிவில் வண்டியை நிறுத்தி மாமனாரை ஏற்றினேன். புது வேட்டி, நெற்றி நிறையப் பட்டை பட்டையாக விபூதி. பையனுக்குப் போட வைத்திருந்த பெரிய ரோஜா மாலையை மடியில் வைத்தால் நசுங்கும், சீட்டில் வைத்தால் சரியும் என்று யோசித்து, கழுத்தில் மாட்டிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு அரக்குப் பட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

உருண்டோம், கிளம்பியது. வழியில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. மாடு குறுக்கே வந்தபோது மாட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். பஸ் நின்றபோது பெட்ரோல் பங்கின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வந்தேன். நாலே காலுக்கு எங்கள் தெரு திரும்பியாகிவிட்டது. தெருக்கோடியில் ஏகாம்பரம் அண்ணன் வீட்டு வாசலில் பந்தல், அதன் கீழே சரோஜா. இன்னும் முப்பது வீடு தாண்டினால் ஜமீன்தாருக்கு மறுஜென்மம்.

நடுத்தெருவில் நாலைந்து பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வழி விடட்டும் என்று பட்டனை அமுக்கினேன்.

டங், டங், டங்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சாமி தெருவுக்கு வராத நாள் குறைவு. மணிச்சத்தம் கேட்டால் எந்தச் சாமி, என்ன விசேஷம் என்று அப்புறம்தான் விசாரிப்போம், முதலில் எழுந்து நின்றுவிடுவோம். அந்தப் பெண்கள் நகரவில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கையைக் கூப்பினார்கள். ஒரு வீட்டிலிருந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். பக்கத்து வீட்டில் தறி நின்றது, அதற்கடுத்த வீட்டிலும் நின்றது. நான் பதறிப்போய் இன்னும் அமுக்கினேன். அமுக்க அமுக்க ஆள் சேர்ந்தது. ஒரு அம்மா தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு நேராக வண்டிக்கு முன்னால் வந்துவிட்டாள். பிரேக்கை மிதித்தேன். இன்ஜின் ஒரு விக்கல் விக்கி அணைந்தது.

"சாமி எங்கேர்ந்துபா வருது?" என்றாள் சூடத்து அம்மா.

"முசரவாக்கம்மா" என்றேன். வாய் அதைத்தான் சொன்னது.

"அங்க இன்னா கோயிலு?"

நான் பதில் தேடுவதற்குள் அவள் பின்பக்கம் போய், ஜன்னல் வழியாக மாமனாருக்கு மூன்று சுற்றுச் சூடம் காட்டிவிட்டாள். அவர் மிரண்டுபோய், வேண்டாம் வேண்டாம் என்று வலது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மணி நாலு இருபது. தள்ளினால் வண்டி போச்சு, தள்ளாவிட்டால் முகூர்த்தம் போச்சு. மாமனாரை இறக்கி நடக்க வைக்கலாம் என்று கதவைத் திறக்கப் போனேன். அவர், "இருக்கட்டும் மாப்ள, ஜனங்க பாத்துக்கினு இருக்குது" என்றார். அவர் அந்த வண்டியை விட்டு இறங்க மறுத்தது அதுதான் முதல்தடவை.

அதற்குள் ஏகாம்பரம் அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். எட்டிப் பார்த்தார். வருங்காலச் சம்பந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தார். சரோஜா போட்ட நிபந்தனை தெரு முழுக்கத் தெரிந்த விஷயமாயிற்றே. "ஒரு ஆளு வண்டி மேல கை வெக்காதீங்கோ!" என்று கத்திவிட்டு பக்கத்துத் தறிவீட்டுக்குள் ஓடினவர், காலையில் தெருவில் பாவு நூலை விரிக்கும்போது இழுத்துக் கட்டுகிற பெரிய கயிற்றோடு வந்தார். பம்பரில் கட்டினார். இருபது பேர் பிடித்தார்கள். சாமி இல்லை, ஏகாம்பரத்துச் சம்பந்திதான் என்று அதற்குள் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவர்கள்தான் கூடுதலாக இழுத்தார்கள். யாரோ "அரோகரா" என்றார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நானும் சொன்னேன்.

பந்தலுக்கு முன்னால் போய் நின்றோம். நாலு இருபத்தைந்து. பம்பர் வளைந்து சிரித்துக்கொண்டிருந்தது. சரோஜா என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பின்ஜன்னலுக்குப் போனாள்.

"அப்பா, நெசத்த சொல்லு. தள்ளுனாங்களா?"

மாமனார் நிதானமாக மாலையைச் சரிசெய்துகொண்டார். "தள்ளல மா. இழுத்தாங்கோ."

"அப்பா..."

"சாமிய யாரானா தள்ளுவாங்களா?"

சரோஜா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. முதலில் அவள்தான் சிரித்தாள், அப்புறம் தெரு. தட்டு நாலு இருபத்தெட்டுக்கு மாறியது.

மணியை அன்றைக்குச் சாயங்காலமே கழற்றச் சொன்னாள், கழற்றிவிட்டேன். காதர் பாய் கேட்டுவிட்டு, "ஜி, ஹாரன் போன்னு சொல்லணும். நீங்க வெச்சது வான்னு சொல்லிச்சு" என்றார். மாமனார் மட்டும் அதன்பிறகு காஞ்சிபுரம் வர வேண்டுமென்றால் அந்த வண்டியில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். தெரு திரும்பினதும் தானாக நிமிர்ந்து உட்காருவார்.

இன்னும் ஆறு வருஷம் ஓடியது. ஓடியது என்றால், ஓடினதும் தள்ளினதும் சேர்த்து. அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. கொடுக்கமாட்டோம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். காதர் பாய் கடையை மூடிக்கொண்டு மகனோடு வேலூர் போய்விட்டார். மாமனாரும் போய்விட்டார். இப்போது வாசலில் நிற்பது வெள்ளி நிற வண்டி. பட்டனைத் தொட்டால் கிளம்பும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், மேடு பள்ளம் தேட வேண்டியதில்லை. யாரும் எழுந்து வர வேண்டியதும் இல்லை. நேற்று முக்கில் ஏகாம்பரம் அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னாபா, ஆளையே காணோம்? ஊர்லதான் இருக்குறியா?"

அன்றைக்கு மட்டும் வெள்ளி வண்டியில் அவர் வாசலைத் தாண்டி நாலு தடவை போய் வந்திருந்தேன்.