பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது

போன செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுச் சமையலறை சிங்க்கில், ஈரத்துணி விரிப்பின் மேல், எட்டுக் கோழிக்குஞ்சுகள் அலகைப் பிளந்துகொண்டு படுத்திருந்தன. பக்கத்தில் காலையில் கழுவாமல் விட்ட தோசைக்கல். நான் ஒரு இங்க் ஃபில்லரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் அலகு நுனியிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பாதித் தண்ணீர் துணியில்தான் விழுந்தது.

எட்டு என்று சொன்னேன் அல்லவா? காலையில் பன்னிரண்டு இருந்தன.

இதை எழுதும்போதும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. ஏனென்றால் மற்ற நான்கையும் பூனை தூக்கவில்லை, நோய் வரவில்லை. எங்கள் அஜாக்கிரதை என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் ஜாக்கிரதைதான் அவற்றைக் கொன்றது!

என் கணவர் சிவராமனை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு... ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தாத்தா காலத்தில் அரக்கோணம் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்த குடும்பம். சிக்னல்காரர்களுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான் — விளக்கு அணைந்துவிடக் கூடாது. கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி போனால் இன்னொரு பேட்டரி. ரிடையர் ஆகும்போது அந்தப் பயத்தை ஆபீஸிலேயே ஒப்படைத்துவிட்டு வருவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

போன வருஷ மழையில் எங்கள் மாரெட்பள்ளித் தெருவில் இரண்டு நாள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பால் வரவில்லை, முட்டை வரவில்லை. மூன்றாவது நாள் தண்ணீர் வடிந்தது. இவருக்கு மட்டும் வடியவில்லை. வீட்டில் தண்ணீர் டிரம் வந்தது. அறைக்கு ஒரு டார்ச் வந்தது. பேட்டரி ரேடியோ வந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு விசில்கூடத் தொங்குகிறது. அதை ஊதி யாரைக் கூப்பிடப் போகிறோம் என்று நான் கேட்கவில்லை.

இந்த மே மாதம் அடுத்த திட்டம்.

"முட்டைக்கு வெளிய நிக்கக் கூடாது. நம்ம வீட்லயே வரணும்."

"குஞ்சு வளந்து முட்டை போட ஆறு மாசம் ஆகுமேங்க!"

"அதனாலதான் இப்பவே ஆரம்பிக்கறோம்" என்றார்.

பன்னிரண்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வந்து சேர்ந்தன. உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. எனக்கும் ஆசை வந்துவிட்டது என்பதை மறைப்பானேன்?

கச்சிபௌலியில் வேலை பார்க்கும் மகள், குஞ்சு வளர்ப்பது எப்படி என்று ஒரு வீடியோ லிங்க் அனுப்பினாள். அதில் ஒரு வெளிநாட்டுக்காரர் தெள்ளத் தெளிவாகச் சொன்னார் — குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும்; ராத்திரி பகல் பல்பு எரிய வேண்டும்; பல்பு அணைந்தால் குஞ்சு பிழைக்காது. என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷமாக அவர் சொல்லிவந்ததை உலகத்தில் ஒருவராவது ஒத்துக்கொண்டாரே!

பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமில், வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிக்குள் குஞ்சுகள். மேலே நூறு வாட் குண்டு பல்பு. வெளியே வெயில் நாற்பத்திரண்டு. ரூம் கொதிக்கிறதே என்றேன். உடனே ஹாலில் இருந்த கூலரைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே வைத்தார்.

"பல்பு சூடு குடுக்கும், கூலர் ரூமை ஆத்தும். பேலன்ஸ் ஆயிடும்."

சிரிக்காதீர்கள். அப்போது நானும் தலையாட்டினேன்.

அடுத்தது எமர்ஜென்சி ஏற்பாடு. பல்புக்கு இன்வர்ட்டரிலிருந்து தனி லைன் இழுத்தார். கூலருக்கு? "மோட்டார் லோடு. இன்வர்ட்டர் தாங்காது." அதனால் கூலர் வெறும் கரண்ட்டில். கடைசியாக ஒரு சார்ட் எழுதி, லாமினேட் செய்து, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினார். தீ, வெள்ளம், கேஸ் கசிவு எல்லாவற்றுக்கும் வழி உண்டு. நான்காவது வரி இது: 'கரண்ட் போனால் ஜன்னல் வழியாகப் பார்க்கவும். பல்பு எரிந்தால் கவலை வேண்டாம்.'

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.

அவர் வீட்டில் இல்லை. பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஸ்பேர் பல்பு வாங்கப் போயிருந்தார். இப்போதெல்லாம் குண்டு பல்பு எங்கே கிடைக்கிறது? கடை கடையாக அலைந்துகொண்டிருந்தார்.

நான் சார்ட்டைப் பார்த்தேன். சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஸ்டோர் ரூமில் மஞ்சள் வெளிச்சம் ஜம்மென்று தெரிந்தது. பல்பு எரிகிறது. கவலை வேண்டாம்.

திரும்பி வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன். ஹால் ஃபேன் இன்வர்ட்டரில் ஓடும். இந்தப் பக்கத்துக்குத்தான் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. வழக்கத்தைவிட அதிகமாக, விடாமல். பசி போலிருக்கிறது, இந்தப் பாராவை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஒரு மணி வாக்கில் சத்தம் குறைந்தது. அப்புறம் சுத்தமாக நின்றது.

என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாடா, தூங்கிவிட்டன என்று நினைத்தேன். நிம்மதியாக மூன்று பாரா எழுதினேன்.

ஒன்றே முக்காலுக்குப் பின்பக்கச் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு ஷமீம் ஆபா, அதாவது ஷமீம் அக்கா. அவர் வீட்டிலும் நாலைந்து கோழிகள் உண்டு.

"க்யா ஜீ, சூஜே சுப் ஹைங்? கைக்கு?"

குஞ்சுகள் ஏன் சத்தமே போடவில்லை என்று கேட்கிறார். "சோ ரஹே ஆபா" என்றேன், சிரித்துக்கொண்டே. தூங்குகின்றனவாம்!

அவர் சிரிக்கவில்லை. மதியத்தில் பன்னிரண்டு குஞ்சும் ஒன்றாகத் தூங்குமா என்றார். அடுத்த நிமிஷம் சுற்றி வந்து எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளினோம். முகத்தில் அனல் அடித்தது.

கூலர் சும்மா நின்றிருந்தது. பல்பு மட்டும் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் ஒரே ஒரு மூலையில், பல்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, ஒன்றின் மேல் ஒன்றாக எல்லாக் குஞ்சுகளும். சிறகை விரித்து, அலகைத் திறந்து... சில மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அடியில் இருந்தவை வாங்கவில்லை.

அப்படியே நின்றேன். "அரே, லைட் பந்த் கரோ பஹ்லே!" என்று, முதலில் விளக்கை அணைக்கச் சொல்லி ஆபா கத்தியபோதுதான் எனக்கு ஸ்விட்ச் நினைவுக்கு வந்தது.

குஞ்சுகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு நாங்கள் சமையலறைக்கு ஓடுகிறோம், என் கணவர் வாசலில் வந்து நிற்கிறார். வேர்த்து வழிகிற முகம். கையில் இரண்டு புது பல்பு. விஷயம் புரிந்ததும் பல்புகளை ஷூ ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஃப்ரீஸருக்கு ஓடினார். எமர்ஜென்சிக்கென்று அதில் ஐஸ் பாட்டில்கள் அடுக்கி வைத்திருக்கிறார்.

"பரஃப் நக்கோ பாய்சாப்!" என்று ஆபா தடுத்தார். ஐஸ் பட்டால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடுமாம். சாதாரணத் தண்ணீர், ஈரத்துணி, கொஞ்சம் காற்று... அவ்வளவுதான். சிங்க் பக்கத்தில் நின்று என் கணவர் ஒரு பழைய கேலண்டர் அட்டையால் வீசிக்கொண்டே இருந்தார். மூன்றேகாலுக்கு முதல் குஞ்சு தலையைத் தூக்கி 'கீ' என்றது. அந்த ஒற்றைச் சத்தத்துக்கு நான் அழுததை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

சாயந்தரம் அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த மனிதர் கனமான ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். கழுத்தில் மஃப்ளர். அவருக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருக்கிறதே, அது சுண்ணாம்புச் சுவர் இல்லை. பனி! நாங்கள் அதை நான்கு தடவை பார்த்திருந்தோம். நான்கு தடவையும் அவர் சொன்னதைக் கேட்டோம். அவர் எங்கே உட்கார்ந்து சொல்கிறார் என்று பார்க்கவில்லை.

ஆபத்துக்குத் தயாராக இருப்பது நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் நமக்கு ஏற்கெனவே பழக்கமான பயம் ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் நாம் தயாராகிறோம். வாசலில் நிற்கிற ஆபத்து வேறாக இருக்கிறது. என் கணவருக்கு விளக்கு அணையக் கூடாது. எனக்கு எழுதும்போது சத்தம் கூடாது. இரண்டு பேருக்கும் அன்று மதியம் கேட்டது கிடைத்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யாராவது அந்தப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்திருந்தால்?

நான்கையும் அவரே கொய்யா மரத்தடியில் புதைத்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. "என் சர்வீஸ்ல ஒரு ஆக்சிடென்ட் கிடையாது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன்.

மிச்சம் எட்டும் இப்போது பகலில் மரநிழலில் மூங்கில் கூடைக்கு அடியில் இருக்கின்றன. ஒன்று மட்டும் இன்னும் சற்றுத் தள்ளாடி நடக்கிறது. அவர் அரை மணிக்கு ஒரு தடவை போய்க் கையை விட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.

வியாழக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் ஒரு முழுநீளத் தாள் கிடந்தது. சம்பவம் எதுவானாலும் ரிப்போர்ட் எழுதியே தீர வேண்டும் என்பது அவர் டிபார்ட்மென்ட் வழக்கம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார்.

இடம்: ஸ்டோர் ரூம். இறந்தவை: நான்கு. பாதிக்கப்பட்டவை: எட்டு. பழுதான கருவி: எதுவும் இல்லை. எல்லாம் சரியாக வேலை செய்தன. பொறுப்பு: கே. சிவராமன்.

நான் பேனாவை எடுத்தேன். "உனக்கு இதுல என்ன?" என்றார். நான் ஜன்னலில் எட்டிப் பார்த்ததையும், சத்தம் நின்றதும் நிம்மதியாக எழுத உட்கார்ந்ததையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் தாளைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினேன். முப்பத்தேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில், உன்னால்தான் என்னால்தான் என்று சண்டை போடாமல் நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட முதல் தப்பு இதுதான்.