கண்ணுக்கு ஆகாத தண்ணீர்

எங்கள் வீட்டுக் கேற்றடியில் நின்று காதைக் கொடுத்தால் கடல் இரைவது கேட்கும். நடந்துபோனால் ஐந்து நிமிடம். அப்படியிருக்க, குளிப்பதற்கென்று அப்பா ஒவ்வொரு ஞாயிறும் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, தம்பலகாமம் தாண்டி, காட்டோரத்தில் இருந்த ஒரு குளத்துக்கு ஏன் போனார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கேட்டவர்களுக்கு அவர், கடலில் குளித்தால் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது என்று பதில் சொன்னார். நீந்தப் பழகியதே அந்த உப்புத் தண்ணீரில்தான் என்று வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசிய மனிதர் சொல்கிற காரணமா இது என்று மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கிழமையில் ஒரு நாளாவது அப்பா எனக்கு மட்டும் கிடைக்கிறாரே என்பதே பெரிதாக இருந்தது.

வீடு என்று சொன்னேனே, அது மாமியின் வீடு. மாமி அப்பாவின் அக்கா. அம்மா எட்டு நாள் காய்ச்சலில் செத்துப்போனதும், இருந்த வாடகை வீட்டைக் கொடுத்துவிட்டு நானும் அப்பாவும் அங்கே வந்தோம். மாமி, மாமா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நாங்கள் இருவர். மச்சாள்மார் இருவருக்கும் நடுவில் எனக்குப் பாய். அப்பாவுக்கு விறாந்தையில் ஒரு மடக்குக் கட்டில். அங்கே வாசலால் வருகிறவர், போகிறவர், தபால்காரர், சீட்டுக் காசு கேட்டு வருகிற பெண்கள் எல்லோருக்கும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார். ஏழு பேர் இருந்த வீட்டில் தனிமை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அம்மாவைப் பற்றிய கதை எழுந்த இடத்தில் நான் நுழைந்தால் கதை சட்டென்று அரிசி விலைக்கு மாறிவிடும். அந்த ஒரு வருடத்தில் அரிசி விலை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் வெளிக்கிட்டுவிடுவோம். பிரதான வீதியை விட்டுத் திரும்புகிற இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே எனக்கு மீன் வைத்துச் சுட்ட இரண்டு பணிஸ், அப்பாவுக்கு ஒரு வெறுந்தேத்தண்ணி. அதற்குப் பிறகு கிரவல் பாதை. வழி முழுக்க அப்பா பேசமாட்டார். நான் அவருடைய முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கதைப்பார், இன்றைக்குக் கதைப்பார் என்று எண்ணிக்கொண்டே போவேன்.

குளத்தில் பெரும்பாலும் ஆட்கள் இருப்பதில்லை. ஒரு கரையில் எருமைகள் கிடக்கும். நடுவில், குளம் கட்டிய காலத்தில் மூழ்கிப்போன மரங்களின் பட்ட கட்டைகள் நாலைந்து தண்ணீருக்கு மேலே நின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கும். அப்பா இரண்டு வெறும் எண்ணெய்க் கான்களை நைலோன் கயிற்றால் பிணைத்து என் இடுப்பில் கட்டுவார். கயிற்றின் மறு நுனியைக் கரையில் நின்ற மருதமரத்தின் வேரில் முடிவார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு அங்கால போக ஏலாது, பயப்பிடாத” என்பார். பிறகு என்னை விட்டுவிட்டு அந்தக் கட்டைகளை நோக்கி நீந்திப் போய்விடுவார்.

அவ்வளவுதான் எங்கள் குளிப்பு. அவர் ஒரு கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்பார். கரையிலிருந்து பார்த்தால் ஒரு கறுத்த தலை மட்டும். நான் கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி, கயிறு விட்ட தூரத்துக்குள் மிதந்துகொண்டிருப்பேன். கூப்பிட்டால் கேட்காத தூரம்.

எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. அம்மாவின் செத்தவீடு முடிந்த கிழமை மாமி என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டு, கையைப் பிடித்து, “அப்பாவுக்கு முன்னால அழக் கூடாது பிள்ளை. நீ அழுதால் அவன் உடைஞ்சுபோவான்” என்று சொல்லியிருந்தார். நான் சொன்னபடி கேட்கிற பிள்ளை. மாமியின் வீட்டிலோ அப்பாவுக்குத் தெரியாமல் அழுவதற்கு இடமில்லை. மச்சாள்மார் போய்ச் சொல்லிவிடுவார்கள். ஆகவே அந்தத் தலை கட்டையடிக்குப் போய்ச் சேர்ந்ததும், கான்களில் நாடியை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுவேன். அவர் திரும்பி வருவதைக் கண்டதும் முகத்தைத் தண்ணீருக்குள் இரண்டு மூன்று தரம் அமுக்கி எடுப்பேன். அவர் வந்து பார்த்து, “கண் சிவந்திருக்கு. குளத்துத் தண்ணி அப்பிடித்தான், கண்ணுக்கு ஆகாது” என்பார். அவருடைய கண்களும் சிவந்திருக்கும். நான் ஓம் என்று தலையாட்டுவேன். என் கண் ஏன் சிவந்தது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கண்ணுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று முழுமனதாக நம்பினேன்.

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசம் ஒரு சனிக்கிழமையில் வந்தது. வீடு நிறையச் சனம். அப்பா வேட்டியோடு அங்கும் இங்கும் ஓடி, எல்லோருக்கும் சோறு போட்டு, பாயசம் இன்னும் கொஞ்சம் விடட்டோ என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். மனுசன் நல்லாத் தேறிவிட்டார் என்று யாரோ மாமியிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அடுத்த நாள் காலையில் குளத்துக்குப் போனோம். தேத்தண்ணிக் கடையில் அப்பா நிறுத்தவில்லை. பணிஸ் இல்லையா என்று கேட்க எனக்கு ஏனோ வாய் வரவில்லை.

அன்றைக்கு அவர் போனவர் போனவர்தான். நான் என் வேலையை முடித்து, முகத்தையும் அமுக்கி எடுத்துவிட்டுப் பார்த்தேன். தலை அசையவில்லை. வெயில் ஏறியது. என் விரல்கள் சுருங்கி வெளுத்துப்போயின. பசி வேறு. “அப்பா” என்று கத்தினேன். நீர்க்காகங்கள் எழும்பிப் பறந்து மறுபடியும் வந்து குந்தின. தலை திரும்பவில்லை. அப்பா அங்கே இருக்கிறாரா, அல்லது நான் ஒரு மரக்குற்றியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்ற பயம் அப்போதுதான் வந்தது. கரைக்கு ஏறி, முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். நனைந்த நைலோன் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்தும் அவிழவில்லை. அப்பாவும் போய்விட்டால் இந்த மரத்தோடு நான் எவ்வளவு நாள் நிற்கவேண்டும் என்று நினைத்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்த நேரம் ஒரு சிறு தோணி வந்தது. திலாப்பியாவுக்கு வலை போடுகிற ஒரு முஸ்லிம் ஆள். தாடி நரைத்தவர். இதற்கு முன்பும் தூரத்தில் கண்டிருக்கிறேன். நான் கையை ஆட்டிக் கூப்பிட்டு, என்னுடைய அப்பா அந்தக் கட்டையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கனநேரமாகிவிட்டது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். அவர் தோணியைத் திருப்பினார்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் செய்த வேலையைப் பார்த்ததும் கோபம் வந்தது. கட்டைக்குக் கிட்டப் போனவர், ஒரு பத்து முழத் தூரத்தில் தோணியை நிறுத்தினார். பிறகு அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பீடி ஒன்றைப் பற்றவைத்தார். அது முடிய இன்னொன்று. கூட்டிவரச் சொன்னால் இந்த ஆள் போய்க் குந்திக்கொண்டிருக்கிறதே என்று நான் கரையில் நின்று பொருமினேன். நெடுநேரத்துக்குப் பிறகு தலை அசைந்தது. அப்பா மெல்ல மெல்ல நீந்தி வந்தார். தோணி அவருக்குப் பக்கத்தில், அவர் வேகத்துக்கே வந்தது.

கரைக்கு வந்ததும் அந்த ஆள் என்னைப் பார்த்து, “வாப்பாவோட சத்தம் போடாதீங்க புள்ள. அவரு களைச்சுப் போயிருக்காரு” என்றார். தோணிக்குள்ளிருந்து பிளாஸ்ரிக் போத்தலை எடுத்து அப்பாவுக்கு வெறுந்தேத்தண்ணி கொடுத்தார். அப்பா அதைக் குடித்துவிட்டு, வேரடியில் குந்தி என் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் அந்த மனிதர்தான் கத்தியால் கயிற்றை அறுத்தார். அப்பாவின் கண்கள் வீங்கி, மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்திருந்தன.

வீட்டுக்கு வந்ததும் மாமி அந்தக் கண்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். அப்பா உடுப்பு மாற்றப் போய்விட்டார். நான் இருக்கிறேனே சொல்வதற்கு. குளத்துத் தண்ணீர் அப்பாவின் கண்ணுக்கு ஆகாது, ஒவ்வொரு கிழமையும் இப்படித்தான், இன்றைக்குக் கனநேரம் நின்றதால் இவ்வளவு மோசம், இனி அவரை விடாதீர்கள் என்று ஒப்புவித்தேன். என்னை மரத்தில் கட்டியதையும் பசியில் நின்றதையும் கூடவே சொன்னேன். நான் அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்ற எண்ணம்.

மாமிக்கு அவ்வளவும் போதுமாக இருந்தது. பொம்பிளைப் பிள்ளையைக் காட்டில் கட்டிவிட்டு நீந்துகிறாயா, அந்தக் குளத்தில் முதலை இல்லையென்று யார் சொன்னது, நாளைக்குக் கண் போனால் இவளை யார் பார்ப்பது என்று கேட்டார். கடைசியாக, “தம்பி, இனி அங்க போகக் கூடாது” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு, “ஓம் அக்கா” என்றார். அதோடு குளம் முடிந்தது.

அடுத்த ஞாயிறு எல்லோருமாகக் கடலுக்குப் போனோம். அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று, தெரிந்தவர்களோடு கிரிக்கெட் கதைத்தார். அதற்குப் பிறகு ஞாயிறுகளிலும் வேலை இருக்கிறதென்று கந்தோருக்குப் போகத் தொடங்கினார். எனக்கிருந்த ஒரு நாளும் போனது. நான் அழுவதற்கு வைத்திருந்த இடமும் போனது. இரண்டையும் என் வாயாலேயே போக்கினேன் என்ற வருத்தம் எனக்கு இருந்தது. அப்பாவுக்கு என்ன போனது என்று நினைத்ததில்லை.

போன வருடம் மாமிக்குச் சுகமில்லாமல் இருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு பழைய கதைகள் கதைத்தோம். அப்பாவுக்கு முன்னால் அழாதே என்று அன்றைக்குச் சொன்னீர்களே என்று சும்மா கேட்டேன். மாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அவனுக்கும் அதைத்தான் சொன்னனான். பிள்ளைக்கு முன்னால அழாத, அது பயந்துபோகும் எண்டு. ரெண்டு பேரும் எவ்வளவு நல்லாக் கேட்டு நடந்தனீங்கள்” என்றார். நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். அப்பாவிடம் இதைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.

குளம் நின்ற அந்தக் கிழமையில் நடந்த ஒன்றைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். மாமி பாமசியில் கண்ணுக்கு விடுகிற மருந்து வாங்கி, பொறுப்பை என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா கந்தோரால் வரும்வரை கேற்றடியில் காத்திருப்பேன். அவர் விறாந்தையில் கதிரையில் சாய்ந்து தலையைப் பின்னுக்குப் போடுவார். நான் ஸ்டூலில் ஏறி, கண்ணுக்கு இரண்டு துளிப்படி விடுவேன். விட்டதை விடக் கூடுதலாக வெளியே வழிந்தது. இரண்டு பக்கமும் ஓடிக் காதுக்குள் போனது. மாமி பக்கத்தால் போனார், மச்சாள்மார் படித்துக்கொண்டிருந்தார்கள், தெருவால் போனவர் ஒருவர் அப்பாவிடம் சுகம் விசாரித்தார். நான் என் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“மருந்து நிக்குதில்லை அப்பா” என்றேன்.

“நிக்கும் பிள்ளை. நீ விடு” என்றார், கண்ணை மூடியபடி.

ஒரு மாதத்துக்குப் போதுமென்று பாமசியில் சொன்ன மருந்து ஒன்பது நாளில் முடிந்தது. அதற்குள் கண் வெளுத்துச் சுகமாகியிருந்தது. இருந்தும் அப்பா தானாகவே போய் இன்னொரு போத்தல் வாங்கிவந்து என் கையில் தந்தார். கண் சுகமான பிறகு மருந்து எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் மருந்து விடுகிற விதம் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, அன்றைக்கு மச்சாள்மாரிடம் பெரிதாகப் பெருமையடித்தேன்.