சாயத்தொட்டி காலியாகும் வேகம்

இடது கை துணியின் விளிம்பை மரச்சட்டத்தின் மேல் அழுத்திப் பிடித்தது. கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்ததும் முடிச்சு இறுகியது. வலது கை, கழுத்திலிருந்து தொங்கிய பட்டைக்குள் சும்மா கிடந்தது. அடுத்த முடிச்சுக்கு இடது கை நகர்ந்தது. இரண்டு கையால் ஒரு மூச்சில் முடிகிற வேலை, பாதி காலையைத் தின்றுவிட்டது.

நாடக மேடைகளின் பின்னால் வானமாகத் தொங்கும் திரைகளுக்குச் சாயம் போடுவது அவள் தொழில். மேலே அடர் நீலம், கீழே வரவர வெளுத்துக் கடைசியில் வெள்ளை. ஆளுயரத்துக்கும் மேல் ஆழமான தொட்டியில், சட்டத்தில் கட்டிய திரையைத் தலைகீழாக இறக்கி, கப்பியில் ஓடும் கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுப்பாள். முதலில் வெளியே வரும் பகுதி வெளுப்பாக நிற்கும். கடைசிவரை சாயத்தில் கிடப்பது அடர்ந்துவிடும். நடுவில் கை ஒரு கணம் நின்றால் போச்சு, அந்த இடத்தில் ஒரு கோடு விழும். அவள் திரைகளில் கோடு விழுந்ததில்லை.

ஈரத் திரையின் பாரத்தை வருஷக்கணக்காக இழுத்து இழுத்து வலது தோளின் தசைநார் கிழிந்தது. தைத்த மருத்துவர், இனிமேல் பாரம் இழுக்கும் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். மேடைத் திரை ஒன்றுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தாள். அதைப் போட முடியாவிட்டால் அடுத்த திரை தேடி வராது. மிஞ்சுவது போர்வைக்கும் பழைய சட்டைக்கும் வாளியில் சாயம் முக்கும் வேலைதான்.

பயிற்சி வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் கொழுந்தன் உதவிக்கு வந்து ஒரு துண்டை இழுத்துப் பார்த்தான். வெளியே வந்ததை இருவரும் பார்த்தார்கள்.

“என்ன தம்பி, வானம் கேட்டா ஏணி போட்டுத் தர்றீங்க?”

“மூச்சு வாங்குற இடத்துல எல்லாம் கோடு விழுந்துடுச்சு அண்ணி. மோட்டார் வச்சுட்டா?”

“வச்சுப் பாத்தாச்சு. அது ஆடுற ஆட்டத்துக்குத் துணி முழுக்க அலையடிக்குது.” அவள் தொட்டியின் அடியிலிருந்த குழாய்த் திருகைக் காலால் தட்டினாள். “துணி அப்படியே நிக்கட்டும். தண்ணி இறங்கட்டும். அது மூச்சு வாங்காதுல்ல?”

அவன் முகம் மலர்ந்தது. “இது எங்க வகுப்புக் கணக்கு அண்ணி! பசங்க இதைப் பாத்தாலே, தொட்டியைக் கவுத்துட்டுப் போனா என்ன சார்ங்கிறானுங்க.”

அன்று மாலை அடுப்படி மேசையில் கணக்குப் போட்டார்கள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத வரிக்கெல்லாம் அவனை நிறுத்தினாள். நீர்மட்டம் இறங்கும் வேகம், அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதைத் தொகையிட்டால் எந்த உயரத்துக்கு எப்போது வரும் என்பது கிடைக்கும். மொத்த நேரத்தில் பாதி ஆகும்போதே முக்கால் தொட்டி காலி. கடைசிக் கால் பங்கு இறங்கத்தான் மீதிப் பாதி நேரமும்.

“முதல்ல ஓடுது, அப்புறம் தவழுது,” என்றான். “உங்க கை எப்படி இழுக்கும்?”

“ஒரே சீரா இழுக்கும். அதுதானே வித்தையே.”

அப்படியானால் தண்ணீரும் ஒரே சீராக இறங்க வேண்டும். எந்த நேரத்தில் திருகை எவ்வளவு திறப்பது என்று அவன் கணக்கிட்டான். மறுநாள் அவன் நேரம் சொல்ல, அவள் இடது கையால் திருகைச் சிறிது சிறிதாகத் திறந்தாள். மட்டம் சொன்னபடி சீராக இறங்கியது. சோதனைத் துண்டு மட்டும் சொன்னபடி வரவில்லை. வெள்ளையிலிருந்து ஒரு முழத்துக்குள் நீலத்துக்குத் தாவி, அதன்பின் ஏறக்குறைய ஒரே நீலமாகக் கிடந்தது.

“கணக்கு சரிதான்,” என்றான் அவன், இரண்டாம் முறையும் சரிபார்த்துவிட்டு.

“என் கண்ணும் சரியாத்தான் இருக்கு. இது வானமில்ல, வேட்டிக்கரை.”

அவன் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு கப்பிக் கயிற்றை எடுத்து அவள் இடது கையில் கொடுத்தான். “பாரம் எதுவும் இல்ல. திரை இருக்கிறதா நினைச்சுக்கிட்டு இழுங்க. முழு நேரமும்.”

“வெறும் கயித்தையா? யாராவது பாத்தா எனக்குக் கழண்டுடுச்சும்பாங்க.”

ஆனாலும் இழுத்தாள். கண் தொட்டியைப் பார்த்தபடி இருந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிமிஷமும் கயிற்றில் சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டான். முடிந்ததும் கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டார்கள். ஆரம்பத்துக் கோடுகள் சாணுக்கு ஒன்று. போகப்போக நெருங்கி, கடைசிக் கோடுகள் விரலிடைக்குள் வந்துவிட்டன.

“இடது கை. அசந்திருக்கும்.”

“வெறும் கயித்துக்கு என்ன அசதி அண்ணி?”

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோடுகளைத் தடவிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் ஒரே சீராக இழுப்பதாகத்தான் நினைத்திருந்தாள். “துணி முதல்ல தாகத்தோட குடிக்கும் தம்பி,” என்றாள் மெதுவாக. “அப்போ அசந்தா சட்டுனு கறுத்துடும். வயிறு ரொம்பினப்புறம் சப்பிச் சப்பித்தான் குடிக்கும். அப்போ அவசரமில்ல.”

“இதை ஏன் முதல்லயே சொல்லல?”

“நீங்க துணியைப் பத்திக் கேக்கவே இல்லையே. கையைத்தானே கேட்டீங்க?”

அவன் சட்டைப்பையிலிருந்து முதல்நாள் போட்ட கணக்கை எடுத்துக் கயிற்றின் பக்கத்தில் வைத்தான். திருகைத் தொடாமல் தண்ணீரை அதன் போக்கில் விட்டால் மட்டம் எப்படி இறங்கும் என்பது அதில் இருந்தது. கோட்டுக்குக் கோடு பொருந்தவில்லை. ஆனால் ஒன்று ஓடுகிற இடத்தில் மற்றதும் ஓடியது, ஒன்று தவழ்கிற இடத்தில் மற்றதும் தவழ்ந்தது. எதைத் திருத்த மெனக்கெட்டார்களோ, அது திருத்த வேண்டியதே இல்லை.

இனி வேண்டியது ஒன்றுதான். அவள் கை எடுத்துக்கொள்ளும் முக்கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் இறங்கி முடிய, தொட்டியின் அடியில் அது வெளியேறும் வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? அவன் கணக்குப் போட்டுச் சொன்ன அளவுக்குப் பித்தளைத் தகட்டில் துளை போட்டு வாயில் பொருத்தினார்கள். வெறும் தண்ணீரில் பார்த்தபோது ஒரு மணி நேரம் தாண்டியும் வடிந்தது. துளையை விட்டு வெளியேறும் தண்ணீர் ஒடுங்கித்தான் பாய்கிறது. அதை அவன் சேர்க்க மறந்திருந்தான். தகட்டைக் காலால் மிதித்துக்கொண்டு அவள் அரத்தால் ராவினாள். பொருத்தி, வடித்து, மறுபடி ராவினாள். நான்காம் முறை கடிகாரம் ஒத்துக்கொண்டது.

அடுத்த சோதனைத் துண்டை வெளியில் காயப்போட்டு, எட்ட நின்று பார்த்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தாள். நீலம் எங்கும் தாவவில்லை. உடனே மேடைத் திரையைச் சட்டத்தில் கட்டத் தொடங்கினாள்.

நாடக அரங்கின் மேடைப் பொறுப்பாளர் வந்த அன்று, பட்டறையின் முழு நீளத்துக்கும் திரையை விரித்திருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரமாகவே நடந்தார். போகும்போது குனிந்தபடி போனார். திரும்பும்போது நிமிர்ந்து வந்தார்.

“நீலம் எங்க முடியுதுன்னே தெரியலையேம்மா.”

“தெரிஞ்சா நீங்க வாங்கிட்டுப் போக மாட்டீங்களே சார்.”

“தோள் அதுக்குள்ள சரியாயிடுச்சா?”

“அது இனிமே சரியாகாது. இது தோளால போட்டதில்ல, தண்ணியை வடிச்சுப் போட்டது. அடுத்த திரை எவ்வளவு பெருசா இருந்தாலும் சொல்லுங்க. தொட்டிதான் கொள்ளணும்.”

“இன்னும் ரெண்டு வேணும். சின்னதுதான்,” என்றார் அவர்.

கொழுந்தனும் வண்டிக்காரரும் திரையைச் சுருட்டித் தூக்கினார்கள். சுருளின் மேல் சுற்றிய காகிதம் நழுவாமல் இடது கையால் பிடித்தபடி வண்டிவரை கூடவே நடந்தாள். வண்டிக்குள் நின்ற பொறுப்பாளர் சுருளை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். அவர் விரல்கள் காகிதத்தை நன்றாகப் பற்றிக்கொண்டதைப் பார்த்த பிறகு கையை எடுத்தாள்.