கைப்பேசிக்குள் இருந்த முதலாளி

கொட்டாஞ்சேனையில் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் விடுதி மூடப்படும் நிலையில் இருந்தது. வெள்ளவத்தைப் புடவைக்கடை முதலாளி ஒருவரிடம் நிதி கேட்க விடுதிக் குழுவினர் என்னை அனுப்பினார்கள். அதற்கு முன் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவை அந்த முதலாளியாக நடிக்கவைத்து, அதனுடன் பேசிப் பழகச் சொன்னார்கள். அவருடைய மகன் இறந்ததைக்கூட அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். வெட்கங்கெட்ட வேலை.

கடைக்குப் போனேன். நேரில் முதலாளி மெலிந்த மனிதர். நான் பேசி முடிக்கும்வரை ஒரு துணித்துண்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

"நல்லாப் பாடமாக்கி வந்திருக்கிறீர், பிள்ளை. ஆர் சொல்லித் தந்தது?"

எனக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைச் சொன்னேன்.

"நானோ? ஃபோனுக்குள்ளயோ?" சிரித்தார். "அவனாவது சல்லி தந்தவனோ?"

"ஒவ்வொருமுறையும் தந்தவர், ஐயா."

"மோடன்! சரியான மடையன்!" என்றார். பிறகு துணி மடித்த கை நின்றது. "மகனைப் பற்றி ஏதும் கதைச்சவனோ?"

"ஓம். மகன்ர குரல் மறந்துபோகுது, அதுதான் பயமாயிருக்கு எண்டு சொன்னவர்."

துணித்துண்டை மேசையில் வைத்தார். "அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே" என்றார்.

காசோலை எழுதித் தந்தார். விடுதி தப்பியது. நான் கதவைத் திறந்தபோது பின்னால் குரல் வந்தது.

"பிள்ளை, அவன் வேற என்ன சொன்னவன்?"

கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன். காலி வீதியில் பஸ் ஏறும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. இன்னும் போகவில்லை.