எனக்கு எட்டாத சிவப்பு மனிதன்

எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குன்றில் பக்தர்களுக்குப் பஞ்சமில்லை. உச்சியில் ஒரு வேல், சற்றுக் கீழே பச்சைக் கொடி. அதற்கும் கீழே உள்ள குகையில் ஈஸ்டர் விடியற்கால ஆராதனை நடத்துவது எங்கள் சபையின் பங்கு. குன்றைக் கல்குவாரிக்கு ஏலம் விடப்போவதாக அறிவிப்பு ஒட்டியதும் மூன்று மதத்தாரும் சேர்ந்து கொதித்தோம். மலை விஷயத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

மனு கொடுத்ததில் தொல்லியல் அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார், இளம் பெண். நான் பள்ளியில் வரலாறு நடத்துபவள் என்பதால் வழிகாட்ட என்னை அனுப்பினார்கள்.

"பஞ்சபாண்டவர் தங்கின கதையெல்லாம் வேணாம் டீச்சர். பழைய எழுத்து, ஓவியம் எதுனா இருக்கா? இருந்தா ஏலத்த நிறுத்திடலாம்."

இருந்தது. கல்லூரியில் படித்தபோது, ஒரு ஈஸ்டருக்கு முந்தின நாள், சபை வாலிபர்கள் எல்லோரும் குகையைச் சுத்தம் செய்தோம். சுவரெல்லாம் குச்சிக் கை, குச்சிக் காலோடு சிவப்பு மனிதர்கள்.

"இன்னா கிறுக்கி வெச்சிருக்கானுங்க பாரு. தேய்ச்சு வுடு" என்றார் எங்கள் தலைவர்.

கம்பி பிரஷ்ஷால் நான் தேய்த்த தேய்ப்பில் அவரே அசந்துபோனார். தேய்த்த உயரம் வரை சுண்ணாம்பு அடித்து, கன்மலையைப் பற்றிய பைபிள் வசனம் ஒன்றை நீலத்தில் எழுதினோம். ஆயிரக்கணக்கான வருட மழைக்கும் வெயிலுக்கும் தப்பியவர்கள், எங்கள் பக்திக்குத் தப்பவில்லை. அந்த வருடம் வரலாற்றில் எனக்கு முதல் வகுப்பு.

அதிகாரியைக் குகைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் டார்ச்சை வசனத்துக்கு மேலே தூக்கினார். சுண்ணாம்பு முடிந்த இடத்திலிருந்து நாலு விரல் மேலே, ஒரு சிவப்பு மனிதன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"இவர மட்டும் ஏன் விட்டீங்க?"

"எட்டல மேடம்."

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கல்யாண மேடை வரைக்கும் குள்ளக் கத்திரிக்காய் என்று கேலி கேட்ட உடம்பு இது. அன்றைக்குத்தான் என் உயரத்துக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஏலம் நின்றது. மலையைக் காத்தவள் என்று சபையில் எனக்குச் சால்வை போட்டார்கள். நடந்ததைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் சபைச் செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"குகையில வசனம் மங்கிப்போச்சு. இந்த ஈஸ்டருக்குப் புது ஏணி வாங்கியாச்சு, மேல வரைக்கும் நல்லா அடிச்சிடலாம்."

அந்த ஏணியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் வீட்டுப் பின்புறம் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்.