லாக்கைத் திருப்பிப் போட்ட ஞாயிறு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுத் தம்பி ஒருவர் இருக்கிறார். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையானால் கார் நிறுத்துமிடத்தில் தன் கியர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துச் செயினைத் துடைத்துக்கொண்டிருப்பார். போன வாரம் நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது ஏதோ ஸ்ப்ரே அடித்தார். குப்பென்று எலுமிச்சம்பழ வாசனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க ஆன்ட்டி, சிரிக்கறீங்க?"

"ஒன்னுமில்லீங் தம்பி. நாங்கெல்லாம் மண்ணெண்ணெய்ல கழுவுனவங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினேன். லிஃப்ட் நான்காவது மாடிக்கு வந்து சேர்வதற்குள் நான் காந்திபுரத்து லேடீஸ் ஹாஸ்டலின் துவைக்கிற கல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கணபதிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்ட். அறைத்தோழி மும்தாஜ், என் வயதுதான், என் கம்பெனிக்குப் போகிற வழியில் இருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் சேர்ந்து ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கியிருந்தோம். காலையில் அவள் மிதிப்பாள், நான் கேரியரில். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கிக்கொள்ள, மீதித் தூரம் நான் மிதிப்பேன். சாயங்காலம் அதே கதை, திருப்பிப் போட்டு. சேலைத் தலைப்பைச் சக்கரத்துக்குக் கொடுக்காமல் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்வது ஒரு தனிக் கலை. எனக்கு அது கைவர மூன்று சேலைகள் பிடித்தன.

வேலையையும் பங்கு பிரித்திருந்தோம். காற்றடிப்பது, மட்கார்டு துடைப்பது என் பொறுப்பு. செயின் அவளுடையது. மேட்டுப்பாளையத்தில் அவள் அப்பாவுக்குப் பாக்கு மண்டி. நான்கு அண்ணன்மார், ஆளுக்கொரு சைக்கிள். அந்த வீட்டில் ஸ்பேனர் பிடிக்காமல் வளர முடியாது போலிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை செயினைக் கழற்றி, நசுங்கிய அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போடுவாள். பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பாள். மையைப் போலக் கறுப்பாக இறங்கும். பிறகு என் கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த பஞ்சு வேஸ்ட்டால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, வெளியே வழிந்ததை மறுபடி துடைப்பாள். "எண்ணெ உள்ள இருக்கோணும் புள்ள, வெளிய இருந்தா மண்ணுதான் ஒட்டும்" என்பாள். வார்டன் அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது. "ஏங்கண்ணு, இது துணி தொவைக்கற எடமா, லாரி பட்டறையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். போகும்போது அந்த மண்ணெண்ணெய் யாருடைய ஸ்டவ்விலிருந்து வந்தது என்று மட்டும் கேட்கமாட்டார். நல்லவேளை.

கழற்றிய செயினை மாட்டும்போது இரண்டு முனையையும் சேர்ப்பது ஒரு குட்டி லாக். விரல் நகம் அளவுதான். பார்க்க மீன் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் தலை, மறுபக்கம் பிளந்த வால். செயின் ஓடுகிற திசையில் தலை இருக்க வேண்டும். வால் முன்னால் இருந்தால் எதிலாவது தட்டி லாக் கழன்றுவிடும். மும்தாஜ் இதை என்னிடம் ஒரு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய நர்ஸிங் புத்தகத்தை எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு கடிதம் விழுந்தது. மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ, கணபதியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன பவுடர் போடுகிறேன் என்பது வரை தெரிந்தவள், கடல் தாண்டிப் போவதைச் சொல்லவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. பேசுவதை நிறுத்தினேன். கடிதம் இடம் மாறியிருப்பதைப் பார்த்து அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவளும் பேசவில்லை.

ஞாயிறு வந்தது. அது செயின் கழுவுகிற ஞாயிறு. மும்தாஜ் சர்டிபிகேட்டுகளை அடுக்கிக்கொண்டு அறையிலேயே இருந்தாள். இவள் இல்லாவிட்டால் செயின் கழுவ ஆளில்லையா என்று எனக்கு வீம்பு. நானே கழற்றினேன். தேய்த்தேன், துடைத்தேன், எண்ணெய் விட்டேன். கண்ணீர் வந்தது, மண்ணெண்ணெய் நெடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாக்கையும் மாட்டினேன்.

மறுநாள் காலை என்ன நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு. பேச்சு இல்லை, ஆனால் இருப்பது ஒரே சைக்கிள். அவள் நல்ல சேலை கட்டி, தலை வாரி வந்து சீட்டில் உட்கார்ந்தாள். நான் கேரியரில் ஏறினேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சர்டிபிகேட் ஃபைலை என் மடியில் வைத்தாள். மிதிப்பவளுக்கு இரண்டு கையும் வேண்டுமே. என்னை விட்டுப் போவதற்கான காகிதங்களை நானே மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன்.

கணபதிக்குச் சற்று முன்னால், புளியமரங்கள் வரிசையாக நின்ற இடத்தில், 'சடக்' என்று ஒரு சத்தம். பெடல் சும்மா சுற்றியது. வண்டி ஆடியது. நான் ஃபைலோடு குதித்தேன். அவள் காலை ஊன்றி நிறுத்திவிட்டாள். செயின் பாம்பு மாதிரி ரோட்டில் கிடந்தது.

"லாக் போயிருச்சு" என்றாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

இருவரும் குனிந்து தேடினோம். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏனுங் அம்மணி, கம்மலுங்களா?" என்றார். இல்லை, செயின் லாக் என்றதும் அவரும் குனிந்தார். செயினை இணைக்கும் துண்டும் தகடும் உடனே கிடைத்தன. லாக் மட்டும் இல்லை. எட்டரை தாண்டிவிட்டது. கடைசியில் புளியஞ்சருகுக்குள் என் கண்ணில்தான் பட்டது.

ஒரு நொடி அதை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு, "இந்தா" என்று நீட்டினேன்.

மும்தாஜ் முட்டிபோட்டு உட்கார்ந்து செயினை மாட்டினாள். மீனின் தலையை முன்பக்கம் வைத்து லாக்கை அழுத்தும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான் திருப்பிப் போட்டுட்டேன் மும்தாஜ். வால் முன்னாடி."

அவள் நிமிர்ந்தாள். "தெரியாமயா? தெரிஞ்சா?"

இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. "தெரியல" என்றேன்.

அவள் பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "செரி, ஏறு. நேரமாச்சு."

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்தை அடைந்தோம். மும்தாஜுக்குக் கை இரண்டும் கறுப்பு. துடைக்கத் துடைக்கப் பரவியது. அப்படியே மாடி ஏறிப் போனாள். அன்று நான் கம்பெனிக்குப் போகவில்லை. கீழேயே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"மொதக் கேள்வியே கையப் பத்தித்தான் புள்ள. செயின் மாட்டுனேன்னு சொன்னேன். அங்கிருந்த டாக்டரம்மா, நீங்களேவான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். அப்பறம் ஒன்னும் பெருசாக் கேக்கல. எடுத்துட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கெடைக்குமோ கெடைக்காதோன்னு இருந்துச்சு. கெடைக்காமப் போயிருந்தா நான் மட்டும் அழுதா போதும். உனக்குத் தெரிஞ்சிருந்தா உன்னையும் தேத்தோணுமல்ல?"

மண்டபத்துக் குழாயடியில் இருவரும் கை கழுவினோம். கறை போகவில்லை. அவள் கையைப் பிடித்ததில் என் கையும் கறுத்துத்தான் மிச்சம்.

மூன்று மாதத்தில் மும்தாஜ் மஸ்கட் போனாள். பதினெட்டு வருடம் இருந்தாள். இப்போது மேட்டுப்பாளையத்தில் பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருக்கிறாள். அந்த டாக்டரம்மாவே பிறகு அவளுக்கு மேலதிகாரியாக வந்ததும், நல்ல ஸ்நேகிதியானதும் தனிக்கதை.

ஹாஸ்டலை இடித்துச் செல்போன் கடை கட்டிவிட்டார்கள். கணபதி ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் போயின. அந்த டீக்கடை எந்த இடத்தில் இருந்தது என்று பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு முறையும் தேடுகிறேன், பிடிபடவில்லை. இதற்கெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஊர் என்றால் மாறத்தான் செய்யும்.

போன தீபாவளிக்கு மும்தாஜுக்கும் எனக்கும் ஏதோ ஒரு சொல்லில் மனத்தாங்கல். அவள் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அப்படியே நாற்பது நாள் ஓடிவிட்டது. பிறகு பேசிக்கொண்டோம், எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் பேச்சு நின்றாலும் மறுநாள் காலை ஒருத்தி முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி ஏறி உட்கார்ந்தே தீர வேண்டும் என்கிற கட்டாயம் இப்போது யாருக்கும் இல்லை.