பல் தேய்ந்த மரக்கவ்வி

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் வீட்டுக்காரர் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஆள் நீள வேப்பந்துண்டு ஒன்று தொப்பென்று விழுந்தது. கால் போயிருந்தால் யாரைப் போய்க் கேட்பது?

எல்லாம் அந்த பிளாட் போடுகிறவர்களால் வந்த வினை. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் கழனிக்குப் பக்கத்து நிலத்தை வாங்கியவர்கள், வரப்போரம் இருந்த மரங்களை ஜேசிபியால் தள்ளிக் கால்வாயிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். கேட்டால், "மழைக்குள்ள எட்த்துருவோம்க்கா" என்றார்கள். எந்த மழைக்குள் என்று சொல்லவில்லை. தண்ணீர் வடிய வேறு வழி கிடையாது, நட்ட பயிர் அழுகிவிடும். அப்பா விட்டுப்போன டிராக்டர் இருக்கிறது, ஓட்ட நான் இருக்கிறேன், எவனையும் கெஞ்ச வேண்டாம் என்று மரக்கவ்வி வாங்கக் கிளம்பினேன்.

மரக்கவ்வி பார்ப்பதற்குப் பெரிய இடுக்கி போலத்தான் இருக்கும். மேலே வளையம், கீழே இரண்டு கூரான பல். டிராக்டருக்குப் பின்னால் தூக்குகிற கையில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டால், தூக்கத் தூக்க மரத்தின் கனமே பல்லை உள்ளே இறக்கும்.

ஒரகடம் கடைக்காரர் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பதில் சொன்னார். "பெருசா எட்த்துக்கோ சார், எல்லா மரத்துக்கும் ஆவும்." என் வீட்டுக்காரருக்கு டிராக்டரில் சாவி போடக்கூடத் தெரியாது. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். வலது ஆள்காட்டி விரலின் மேல் கணுவை அந்த மெஷினுக்குக் கொடுத்தவர். "என்னிய இன்னாத்துக்கு பாக்குற? வண்டி அவுங்களுது" என்றார் கடைக்காரரிடம்.

கொண்டு போயிருந்த கயிற்றை மேஜைமேல் போட்டேன். பருத்த மரத்தின் சுற்றளவுக்கு ஒரு முடிச்சு, மெலிந்ததற்கு ஒரு முடிச்சு. பெரிய கவ்வி மெலிந்த துண்டில் முழுக்க மூடிக்கொள்ளும், கடிக்காது. சின்னது, பருத்த மரத்தின் முதுகில் பட்டையை மட்டும் பிறாண்டும். கிடக்கிற மரத்தின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பக்கமும் பல் இறங்க வேண்டும். நடு அளவில், தாங்குகிற எடை பொறித்திருந்த ஒன்றை நானே தேடி எடுத்தேன். கடைக்காரர் அப்போதும் பில்லை அவரிடம்தான் நீட்டினார்.

சனிக்கிழமை காலை நான் சர்ச் பெருக்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் இவர் வேலையைக் காட்டியிருக்கிறார். கம்பெனியில் எந்தப் பார்ட்டிலும் பிசிறு இருக்கக் கூடாதாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எதைக் கையில் எடுத்தாலும் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார், குத்தினால் தேய்த்துவிடுவார். எங்கள் வீட்டுத் தேங்காய்த் துருவி ஏற்கெனவே பொக்கை வாயாகக் கிடக்கிறது. கவ்வியின் பல்லையும் இரும்பு தேய்க்கிற கிரைண்டரில் மழுக்கிவிட்டு, மேலே சிவப்பு பெயின்ட் வேறு. திரும்பி வந்த எனக்குப் பல் தேய்ந்தது தெரியவில்லை; துரு பிடிக்காமல் இருக்க அடித்திருக்கிறார் என்று நினைத்து வண்டியில் ஏறினேன். அவரே கவ்வியை மரத்தில் மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். முழங்கால் உயரம் தூக்கியதும் துண்டு வழுக்கிக்கொண்டு விழுந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். "இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க இத்த?"

"கூரா இருந்திச்சும்மே. தெனம் நீதான புடிக்கப் போற. கைய கிழிச்சிடும்னு கொஞ்சம் பிசிறு தட்டுனேன்." அந்த அரை விரலால் பல்லைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அறிவு கீதா உனக்கு? அது கடிக்கத்தான்யா செஞ்சது. கடிக்காததாலதான் உன் காலு போவப் பாத்துது."

அதே கிரைண்டரை வாங்கி இரண்டு பல்லையும் நானே கூராக்கினேன். அவரை மரத்தின் நீளத்துக்கும் அப்பால் தள்ளி நிற்க வைத்தேன். துண்டைத் தரையை விட்டு ஒரு சாண் மட்டும் தூக்கி, ஊர்ந்த மாதிரி ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து மீதியையும் எடுத்துக் கரையில் போட்டேன். தண்ணீர் வடிந்தது. என் கோபம் வடியவில்லை.

அவருடைய பிரஸ் மெஷினில், கை உள்ளே போனால் தானாக நிற்கிற சென்சார் ஒன்று உண்டு. உற்பத்தி லைன் நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் அதை அணைத்து வைத்திருந்த அன்றுதான் விரல் போனது. உன் கவனக்குறைவு என்றார்கள். இவரும் தலையாட்டிவிட்டு வந்தார்.

ஞாயிறு ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "அந்த சென்சாரு இப்பனாச்சும் ஓடுதா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஓடுது. ஓவர்டைம்ல மட்டும் ஆஃப் பண்ணுவாங்க" என்றார்.

"எனுக்கு கை கிழிஞ்சிடும்னு இரும்ப தேய்க்கத் தெரியுது. அங்க போயி வாயத் தொறக்கத் தெரியல உனுக்கு."

திங்கட்கிழமை விடிவதற்குள் கம்பெனி பஸ் ரோட்டில் ஹாரன் அடித்தது. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அதே மெஷினுக்குப் போனார்.